தோலின் காவலும் தோல் புற்றுநோயும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் புற்றுநோய் என்றதும் வெயிலும் வெள்ளைக்காரரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வன்னியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கு வாழும் ஒருவர் தமது உடலில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் முகம் என்று சொல்வதற்கில்லை. அது முழங்காலுக்குக் கீழே உள்ள பழைய வடுவாகவோ உள்ளங்காலாகவோ இருக்கக்கூடும். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ளத் தோலின் நோயெதிர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் கேள்விகளை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

தோல் வெறும் போர்வைதானே? அதற்கென்று தனியாக நோயெதிர்ப்பு உண்டா?

உண்டு. பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று படித்ததன் பெரும்பகுதி குருதியைப் பற்றியதாக இருந்ததால், தோலை ஒரு சுவராக மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது சுவரும் காவற்காரரும் சேர்ந்த ஏற்பாடு.

மேற்றோலின் வெளிப்புறத்தில் இறந்த தட்டையான கலங்கள், கிடுகு வேய்ந்த கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்பு அடைத்திருக்கிறது. அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரையான பி.எச். பெறுமானத்துடன் சற்றே அமிலமாக இருப்பதால், நோய் தரும் பற்றீரியாக்கள் பல அங்கு எளிதில் பெருகுவதில்லை. வியர்வையில் டெர்ம்சிடின் என்ற கிருமிகொல்லிப் புரதம் கலந்திருக்கிறது; மேற்றோலின் கலங்களும் டிபென்சின் முதலிய கிருமிகொல்லிகளைத் தாமே சுரக்கின்றன.

இந்தக் கூரைக்குக் கீழேதான் காவற்காரர்கள் இருக்கிறார்கள். மேற்றோலின் கலங்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை லாங்கர்ஹான்ஸ் கலங்கள். 1868 இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த போல் லாங்கர்ஹான்ஸ், கிளை கிளையாக நீண்ட இந்தக் கலங்களைக் கண்டு இவை நரம்பைச் சேர்ந்தவை என்று கருதினார். இவை நோயெதிர்ப்புக் கலங்கள் என்று தெளிவாக நூறாண்டுக்கு மேல் சென்றது. சேனைக்குள் பன்றி இறங்குவதைப் பரணில் இருப்பவர் கண்டதும் ஊருக்கு ஓடிச் சொல்வதைப்போல, இந்தக் கலங்கள் அந்நியப் பொருளின் துண்டொன்றை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் சென்று அங்குள்ள ரி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களிடம் காட்டுகின்றன. தோலிலேயே தங்கியிருக்கும் ரி கலங்களும் உண்டு. ஒரு வளர்ந்த மனிதரின் தோலில் அவை ஏறத்தாழ 2000 கோடி, அதாவது குருதியில் ஓடுவதைப்போல இரு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கிருமியைத் தடுக்கும் காவலுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

புற்றுக்கலம் வெளியிலிருந்து வருவதில்லை. நமது கலமே மரபணு பழுதுபட்டு மாறுகிறது. பழுது ஏற்பட்டால் கலம் முதலில் அதைத் திருத்தப் பார்க்கிறது, முடியாவிட்டால் பி53 என்ற புரதத்தின் கட்டளையால் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இரண்டிலும் தப்பிய கலத்தின் மேற்பரப்பில் வழக்கத்துக்கு மாறான புரதத் துண்டுகள் தென்படும். அவற்றை ரி கலங்கள் அடையாளம் கண்டு அந்தக் கலத்தைக் கொன்றுவிடலாம். இதை நோயெதிர்ப்புக் கண்காணிப்பு என்பார்கள்.

இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களைக் காட்டலாம். மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க அவர்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்கிறார்கள். வெள்ளைத் தோலினரிடையே நடந்த ஆய்வுகளில், இவர்களுக்குச் செதிற்கலப் புற்று என்ற தோல் புற்றுநோய் மற்றவர்களைவிட 65 மடங்கு முதல் 100 மடங்கு வரை அதிகமாக வந்தது. வெயில் எல்லோருக்கும் ஒரே வெயில்தான். பெரிதும் குறைந்திருந்தது காவல்தான்.

வெயில் அந்தக் காவலையும் பாதிக்குமா?

பாதிக்கும். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர், தமிழ்நாட்டார் புற ஊதாக் கதிர் என்பது, ஒரே வேளையில் இரண்டு கேடுகளைச் செய்கிறது: கலத்தின் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்துள்ள மூலங்கள் என்ற கூறுகளை ஒட்டவைத்துப் பழுதாக்குகிறது. அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய காவலையும் தளர்த்துகிறது. களவெடுப்பவனே முதலில் நாய்க்கு எலும்பு போட்டுவிட்டு வருவது போன்றது இது.

அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கி 1970களில் எலிகளில் இதைக் காட்டினார். கழியூதாக் கதிரால் உண்டான கட்டிகளை எடுத்து அதே இனத்தைச் சேர்ந்த நலமான எலிகளில் வைத்தபோது அவற்றின் உடல் கட்டியைத் தள்ளிவிட்டது. முன்கூட்டியே அந்தக் கதிர் பட்டிருந்த எலிகளில் வைத்தபோது கட்டி வளர்ந்தது. பின்னர் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கதிர் பட்டதும் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் மேற்றோலை விட்டு நீங்கி எண்ணிக்கையில் குறைகின்றன; தோலின் மேற்பரப்பில் இயல்பாக உள்ள யூரோகானிக் அமிலம் வடிவம் மாறி எதிர்ப்பை அடக்கும் பொருளாகிறது; ரி கலங்களிலேயே மற்றவற்றை அமைதிப்படுத்தும் வகை பெருகுகிறது. தோல் சிவந்து எரியும் அளவுக்குக் கதிர் படவேண்டும் என்றில்லை, அதற்குக் குறைவான அளவே போதும்.

இதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அரிவு வெட்டு முடிந்து இரண்டு மூன்று நாளில் சிலருக்கு உதட்டோரம் நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக எழும்புவது, நரம்பில் உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரசு, வெயிலால் தோலின் காவல் தளர்ந்த நேரத்தில் எழுந்து வருவதே.

கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.4 பாகையில் இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும், உச்சிக்கு நேரே வருகிறது. வானம் தெளிந்த நண்பகல்களில் கழியூதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டுவது இங்கு வழமை; உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்குமேல் வேறு படி இல்லை.

கறுத்தத் தோலுக்குப் புற்றுநோய் வராது என்கிறார்களே?

குறைவாக வரும் என்பதே சரி. எங்கள் தோலிலுள்ள மெலனின் என்ற கருநிறமி, ஒவ்வொரு கலத்திலும் கருவுக்கு மேலே வெயில் வரும் பக்கமாகக் குடையைப்போலக் குவிந்து நின்று டி.என்.ஏ.யைக் காக்கிறது. மிகக் கறுத்த மேற்றோல் ஏறத்தாழ 13 எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவெண்) கொண்ட பூச்சுக்கு இணையான காப்பைத் தருகிறது என்று அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலில் அது 3 அளவில்தான். இதனால் வெயிலால் வரும் புற்றுகள் குறைகின்றன. வெயிலோடு தொடர்பில்லாத புற்றுகளை இந்தக் குடை தடுக்காது. வராது என்ற நம்பிக்கையால் நோயாளியும் சில வேளை வைத்தியரும் பிந்திப்போவதுதான் கறுத்தத் தோலில் உயிரிழப்புக்குப் பெரிய காரணம்.

பிறப்பிலேயே மெலனின் இல்லாத வெண்தோல் பிள்ளைகளுக்கு இந்தக் குடை அறவே இல்லை. வெப்ப நாடுகளில் அவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்று வருகிறது. அவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சீருடைக்குச் சமம் என்று பாடசாலைகள் கருதவேண்டும்.

உள்ளங்காலில் கரும்புள்ளி இருந்தால் பயப்பட வேண்டுமா?

பார்க்க வேண்டும். மெலனோமா என்பது நிறமி செய்யும் கலத்தில் தோன்றும் புற்று. கறுத்தத் தோலினருக்கு அது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே பெரும்பாலும் தேர்ந்துகொள்கிறது. யமேக்கா பாடகர் பொப் மார்லி 1981 இல் தமது 36 ஆவது வயதில் இறந்தது, கால் பெருவிரல் நகத்தடியில் தோன்றிய மெலனோமாவால். விளையாட்டில் பட்ட அடி என்றே அது முதலில் கருதப்பட்டது.

வயலில் வெறுங்காலுடன் நிற்பவரின் பாதத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சேற்றுக்கறை வெடிப்புகளுக்குள் இறங்கிக் கருமையாகக் கிடக்கும். வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டுத் தும்பால் தேய்த்துக் கழுவி, துடைத்தபின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறை போய்விடும். முள் குத்திக் கட்டிய இரத்தம் சில வாரங்களில் தோலோடு உரிந்து நகர்ந்துவிடும். நகராமல் நின்று, ஓரம் ஒழுங்கற்றுப் பரவி, ஒரே புள்ளிக்குள் கறுப்பும் மண்ணிறமும் கலந்து தெரிவதே வைத்தியரிடம் காட்ட வேண்டியது. நகங்களில் கறுப்புக் கோடுகள் எங்கள் நிறத்தவர் பலருக்கு இயல்பாக உண்டு. பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஒரேயொரு நகத்தில் மட்டும் தோன்றி அகலம் கூடிக்கொண்டே போகும் கோடும், நகத்தைத் தாண்டி அடுத்த தோலிலும் படியும் கருமையும் வேறு கதை.

ஷெல் பட்ட வடுவிலும் எரிகாயத் தழும்பிலும் புற்று வரும் என்பது உண்மையா?

உண்மை, வன்னியில் இதை மற்ற எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்லவேண்டும். நீண்டகாலம் ஆறாதிருக்கும் அல்லது ஆறி ஆறி உடையும் வடுவில் தோன்றும் புற்றை மார்ஜொலின் புண் என்கிறார்கள். பிரெஞ்சு அறுவை வைத்தியர் ஜோன் நிக்கலா மார்ஜொலின் 1828 இல் இத்தகைய புண்களை விவரித்தார். எரிகாயத் தழும்பில் இது அதிகம். எலும்பு பழுத்துச் சீழ் வழியும் துளை, செயற்கைக்கால் உராய்ந்து புண்ணாகும் முனை, தொழுநோயாலோ நீரிழிவாலோ உணர்ச்சி இழந்த பாதப்புண் ஆகியவற்றிலும் வரக்கூடும்.

எனது இடது கெண்டைக்காலில் ஷெல் துண்டு பட்ட வடு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையளவு நீளம், மயிர் முளைப்பதில்லை. நண்பகலில் சைக்கிள் மிதிக்கும்போது சுற்றியுள்ள தோல் வியர்த்துப் புழுதி ஒட்டும், வடு மட்டும் உலர்ந்து பளபளவென்று கிடக்கும். வெளியில் தெரியும் இந்த இல்லாமைகளுக்கு ஈடாக உள்ளேயும் இல்லாமைகள் இருக்கின்றன. தடித்த வடுவில் நிணநீர்க் குழாய்கள் அழிந்திருக்கின்றன, குருதிக் குழாய்கள் குறைந்திருக்கின்றன. பழுதுபட்ட கலத்தின் சேதியை நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுபோக வழி இல்லை. வந்து கொல்ல வேண்டிய ரி கலங்களுக்கும் வழி இல்லை. அதே இடத்தில், திரும்பத் திரும்ப உடையும் புண்ணை மூடுவதற்காகக் கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரியும் ஒவ்வொரு முறையும் பிழை நேரும் வாய்ப்பு இருக்கிறது. காவல் குறைந்து வேலை கூடிய இடமாக வடு ஆகிவிடுகிறது. மார்ஜொலின் புண்ணுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தெரிவது இதுவே.

காயம் பட்டதிலிருந்து புற்று தோன்றுவதற்குச் சராசரியாக ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் பட்ட காயங்களுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது. 2009 இல் பட்டவற்றுக்கு 2039. சராசரி என்பதால் முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். நன்றாக மூடிப் பல்லாண்டுகள் உடையாமல் கிடக்கும் வடுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒருபோதும் எதுவும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்; வன்னியில் வடு இல்லாத வீடு அரிது, ஒவ்வொரு வடுவையும் பார்த்துத் தூக்கம் கெடத் தேவையில்லை.

வைத்தியரிடம் போகவேண்டிய மாற்றங்கள் இவை: மூடியிருந்த வடு உடைந்து நான்கு வாரத்துக்கு மேல் ஆறாதிருத்தல், புண்ணின் விளிம்பு தடித்து வெளிப்பக்கம் மடிதல், பூக்கோவா போன்ற சதை வளர்ச்சி, தொட்டதும் இரத்தம் கசிதல், நாற்றம் மாறுதல், வலி இல்லாதிருந்த இடத்தில் புதிதாக வலி, கவட்டிலோ கமக்கட்டிலோ கட்டி. வடுவில் வரும் செதிற்கலப் புற்று, வெயிலால் வரும் அதே வகைப் புற்றைவிட நிணநீர்க்கணுக்களுக்குப் பரவும் இயல்பு கூடியது. ஆகவே தாமதம் இங்கு அதிக விலை கேட்கும்.

உடலுக்குள் இருக்கும் துண்டு புற்றாக மாறுமா?

துண்டு அசையாமல், மேலே தோல் மூடி, சீழ் இல்லாமல் இருந்தால் அதனால் தோல் புற்று வருவது மிக அரிது. கவலைப்பட வேண்டியது துண்டைச் சுற்றிப் பழுத்து, ஆண்டுக்கணக்காகத் துளை வழியே சீழ் வடிந்துகொண்டிருந்தால்தான்.

ஆறாத புண் எல்லாம் புற்றா?

இல்லை. நீரிழிவு, நாளக் கோளாறு, தொழுநோய், தோற்காசம் எனப் பல காரணங்கள் உண்டு. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோயும் இலங்கையில் இருக்கிறது. முகத்திலோ கையிலோ வலியில்லாத பருவாகத் தொடங்கி, நடுவில் குழிந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் அந்தப் புண் கண்ணுக்குப் புற்றைப்போலவே தோன்றலாம். சதைத் துண்டெடுத்து நுண்காட்டியில் பார்ப்பதே இரண்டையும் பிரித்தறியும் வழி. அந்தத் துண்டெடுத்தலால் புற்று பரவிவிடும் என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை.

சிறுநீரகம் மாற்றியவர்கள் என்ன செய்யவேண்டும்?

வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களைப் பிடித்திருப்பதால் இந்தக் கேள்வி இங்கு வருகிறது. முதற் பதில்: மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, நிறுத்தினால் மாற்றிய சிறுநீரகம் போய்விடும். அசதயோபிரின் என்ற மருந்து தோலைக் கழியூதாக் கதிருக்கு, குறிப்பாக அதன் நீண்ட அலைநீளமுள்ள பகுதிக்கு, மேலும் எளிதில் பழுதாகச் செய்கிறது. அதை எடுப்பவர்கள் முழு உடையும் தொப்பியும் அணிவதோடு, மாதம் ஒருமுறை உடல் முழுவதையும் வீட்டிலுள்ள ஒருவரைக்கொண்டு பார்ப்பித்து, புதிய மருவோ சொரசொரப்பான திட்டோ இருந்தால் கிளினிக்கில் காட்டவேண்டும். கறுத்தத் தோலில் இந்த ஆபத்து மேலே சொன்ன மடங்குகளைவிடக் குறைவு, இல்லாமற் போய்விடவில்லை.

வெள்ளையாக்கும் கிறீம் பூசலாமா?

கூடாது. பெயர் எழுதாத டப்பாக்களில் விற்கப்படும் பல கிறீம்களில் குளோபெட்டசோல் போன்ற கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. அது தோலை மெலிதாக்கி, லாங்கர்ஹான்ஸ் கலங்களைக் குறைத்து, காவலைத் தூங்கவைக்கிறது. படர்தாமரை முகமெங்கும் பரவுவது அதன் ஓர் அடையாளம். சிலவற்றில் பாதரசமும் உண்டு. இயற்கை தந்த குடையைக் காசு கொடுத்து மடக்குவதற்கு ஒரு கலியாண வீட்டுப் படம் போதுமான காரணமாக எனக்குத் தெரியவில்லை. நீண்டகாலம் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் தோல் வைத்தியரின் சொற்படி நிறுத்துவது நல்லது.

வெண்புள்ளி உள்ளவர்களுக்குப் புற்று அதிகமா?

அப்படித்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆய்வுகள் மாறாகச் சொல்கின்றன. வெண்புள்ளி, நிறமிக் கலங்களை ரி கலங்கள் தாக்குவதால் வருவது. அதே விழிப்பு மெலனோமாக் கலங்களையும் தப்பவிடுவதில்லை போலும், இவர்களிடம் மெலனோமா குறைவாகவே காணப்படுகிறது. மெலனோமாவுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுபவரின் தோலில் புதிதாக வெண்புள்ளி தோன்றினால் வைத்தியர்கள் அதை நல்ல அறிகுறியாக எடுப்பதும் இதனால்தான். வெண்புள்ளி தொற்றாது, தொழுநோயும் அன்று.

சேலை கட்டும் இடுப்பில் புற்று வருமா?

மிக அரிதாக. பாவாடை நாடாவும் வேட்டியும் ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறுக்கி, கறுத்துத் தடித்து, புண்ணாகி, அந்தப் புண்ணில் புற்று வந்ததை இந்திய வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி தைத்துக்கொண்டால் போதும்.

நோயெதிர்ப்பைக் கூட்ட மருந்தோ உணவோ உண்டா?

தோலின் காவலைக் கூட்டும் என்று விற்கப்படும் பானங்களுக்கும் பொடிகளுக்கும் செலவழிக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 2015 இல் வெளியான ஆய்வொன்றில், நிக்கொட்டினமைட் என்ற பி3 விற்றமின் வகையை 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை எடுத்தவர்களுக்கு, மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுகள் 23 வீதம் குறைந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் முன்பே தோல் புற்று வந்த வெள்ளைத் தோலினர். புகைத்தலை நிறுத்துவது பயன் தரும்.

வயலிலும் கடலிலும் வேலை செய்பவர்கள் எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?

புல்லுப் பிடுங்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துவாயைச் சுற்றி, அதன்மேல் தொப்பி வைக்கிறார்களே, அதைவிட மலிவான, நல்ல ஏற்பாடு கிடையாது. நெருக்கமாக நெய்த, உலர்ந்த துணி நல்லது. நனைந்த வெள்ளைப் பருத்தி கதிரை உள்ளே விடும் என்பதால் கடற்றொழிலாளர் கடும் நிறச் சட்டை அணியலாம். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையான வேலையில் முடிந்ததை நிழலுக்கு மாற்றவேண்டும். உதடு எல்லோரும் மறந்துவிடும் இடம். வெயிலைத் தடுக்கும் பூச்சு மருந்து எங்கள் நிறத்தவர் எல்லோருக்கும் கட்டாயமில்லை. உறுப்பு மாற்றியவர்களுக்கும் மெலனின் இல்லாதவர்களுக்கும் தேவை.

புற்று என்று உறுதியானால் என்ன சிகிச்சை?

ஆரம்பத்தில் பிடிபட்ட தோல் புற்றுகளில் பெரும்பாலானவை சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல தோலோடு வெட்டி எடுப்பதால் முழுமையாகக் குணமாகின்றன. பரவிய மெலனோமாவுக்கு முன்பு சொல்லத்தக்க மருந்து இருக்கவில்லை. ரி கலங்களைப் புற்று தடுத்து வைத்திருக்கும் கடிவாளத்தைக் கழற்றும் மருந்துகள் 2011 முதல் பயன்பாட்டுக்கு வந்தன; அதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018 இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். காவலை எழுப்பிவிட்டாலே புற்று சுருங்கும் என்பது இதனால் மனித உடலிலேயே தெரிந்தது. இவை விலை மிகக் கூடியவை, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை.

எங்கே காட்டுவது? எதைக் கொண்டுபோவது?

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கோ அறுவைக் கிளினிக்குக்கோ கடிதம் கேளுங்கள். புற்று என்றால் அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. பழைய கிளினிக் கொப்பியும் எடுக்கும் மருந்துகளின் உறைகளும் கையில் இருக்கட்டும். காயம் எந்த ஆண்டு பட்டது, எதனால் பட்டது என்பதைக் கேட்பார்கள்; அதைச் சொல்ல மனம் கூசினால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். உடலில் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறைக்குள் போகுமுன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனெனில் அங்குள்ள காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும்.